வகுப்பறையில் சொந்தக் காசு: அபராதத்தை மட்டும் எடுப்பதா, மொத்தத்தையும் நிறுத்துவதா?

கேட்டவர்: அஞ்சாம் வகுப்பு மிஸ், பழைய வண்ணாரப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வகுப்புக்குள் தனியாக ஒரு காசு நடத்தி வருகிறேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது, இப்போது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். விவரம் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

காசுக்குப் பெயர் 'இலை'. பிள்ளைகள் கை தூக்கி முடிவு செய்த பெயர். எங்கள் முற்றத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறது, வகுப்பு ஜன்னல் வரைக்கும் கிளை வரும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வெளிர்பச்சை அட்டை வாங்கி வெட்டினேன். திருவல்லிக்கேணியில் புங்க இலை போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து வாங்கினேன். 1, 5, 10 என்று மூன்று நோட்டு.

எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு. போர்டு துடைப்பது, நோட்டு அடுக்கிக் கொண்டுவருவது, ஃபேன் லைட் அணைப்பது, செருப்பு வரிசை, வருகைப் பலகை எழுதுவது, வகுப்பு பெருக்குவது, அப்புறம் சம்பளக் கணக்கு எழுத இரண்டு கணக்குப்பிள்ளைகள். வாரம் 15 இலை சம்பளம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் சம்பளம், உடனே சந்தை. சந்தையில் பென்சில், ரப்பர், ஸ்டிக்கர், ஒரு வாரம் ஜன்னலோரத்தில் உட்காரும் உரிமை, கதை நேரத்தில் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் விற்கும்.

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் மேசைக்கு வாடகை கட்டுவார்கள் என்று படித்திருந்தேன். பொறுப்பு வரும் என்று நானும் பெஞ்சுக்கு வாரம் 5 இலை வாடகை வைத்தேன். அபராதமும் உண்டு. தாமதமாக வந்தால் ஒரு நாளைக்கு 2, ஹோம்வொர்க் இல்லையென்றால் 3, பாடம் நடக்கும்போது சத்தம் போட்டால் 1.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் மதிய உணவு முடிந்து வகுப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும், நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஆகஸ்டில் நான்கு நிமிடத்தில் நோட்டு திறந்திருந்தது. கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைகள் சந்தையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கினார்கள். அதனால்தான் மொத்தமாகத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

இனிச் சிக்கல். ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். அவன் அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவர். அவர் திரும்பி வரும்வரை இரண்டு வயதுத் தங்கச்சியை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் கொடுக்கும் காலை உணவும் அவன் வருவதற்குள் முடிந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல 20 நிமிடம் கழித்து வந்தான். நேராக என் மேசைக்கு வந்து பத்து இலையை எண்ணி வைத்தான். "மிஸ், இந்த வாரம் பூரா லேட்டாத்தான் வருவேன். இப்பவே வெச்சுக்கங்க." சம்பளம் 15, வாடகை 5 போனால் மிச்சம் 10, ஐந்து நாள் தாமதத்துக்கு 10. கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். முகத்தில் வருத்தமும் இல்லை, திமிரும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற மாதிரி இருந்தது. அந்தப் பத்தையும் வாங்கி டப்பாவில் போட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இன்னொரு பையன் தண்டல் விட ஆரம்பித்துவிட்டான். சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. கேட்கிறவர்களுக்கு 9 இலை கொடுப்பான், தினம் 2 வீதம் ஐந்து நாளில் 10 வசூலிப்பான். அட்டையை நான்காக மடித்துக் கோடு போட்டு, பெயர் எழுதி, கட்டினால் டிக் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருக்கிறான். எங்கள் பகுதியில் 9,000 கொடுத்து நூறு நாள் நூறு ரூபாய் வசூலிப்பதை அவன் தினமும் வாசலில் பார்க்கிறான், அதைத்தான் செய்கிறான். தீபாவளி லீவு விடும்போது அவன் கையில் 112 இலை.

மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரு பெண். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரை பூ கட்டுகிறாள், ஹோம்வொர்க் முடிக்க நேரமில்லை. வாரத்துக்கு ஐந்து நாளும் போனால் அபராதம் 15, வாடகை 5, சம்பளம் 15. பாக்கியைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் கணக்குப்பிள்ளைகள் எழுதுவார்கள். எனக்கு 14 பாக்கி. அதைக் கட்ட அந்தத் தண்டல் பையனிடம் வாங்கி அங்கே 20 பாக்கி. கடந்த மூன்று வெள்ளிக்கிழமையாக அவள் பள்ளிக்கு வரவில்லை. மற்ற நாள் வருகிறாள்.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சேர்த்து வைத்த பிள்ளைகளிடம் என்ன சொல்வது? அபராதத்தை மட்டும் எடுத்தால் வகுப்பு பழையபடி ஆகிவிடுமா?


பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரம்பூர்

அம்மா, முதலில் அந்தப் பாக்கிப் பட்டியலைச் சுவரிலிருந்து இன்றைக்கே கழற்றுங்கள். மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் பெயரும் கடனும் 37 பேர் பார்க்கும் இடத்தில் ஐந்து நாளும் தொங்குவது எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். உங்கள் மனசு சுத்தம் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் பட்டியல் பட்டியல்தான்.

என் கருத்து, மொத்தத்தையும் நிறுத்துங்கள். நான் இருந்த பள்ளிகளில் சஞ்சாயிகா இருந்தது. பிள்ளைகள் கொண்டுவரும் நாலணா எட்டணாவைப் புத்தகத்தில் பதிந்து சேமித்து வைப்போம். பிறகு நேர்மை அங்காடி வைத்தோம். ஒரு மேசையில் பென்சில், பேனா, நோட்டு, பக்கத்தில் உண்டியல். கடைக்காரர் கிடையாது. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டிலும் பிள்ளைக்குப் பணம் பற்றித் தெரிய வந்தது. இரண்டிலும் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பணத்தால் அளக்கவில்லை. நடத்தையைக் காசோடு முடிச்சுப் போட்டால், காசு இல்லாதவன் கெட்டவன் என்று ஆகிவிடும். அவன் வெளியில் போய்க் கற்கப்போகிற அந்தப் பாடத்தை நாமும் சொல்லித்தர வேண்டாம்.


பதில்: தையல்கடை அம்மா, ராயபுரம்

நான் டீச்சர் இல்லை மிஸ், ஒரு தாய். என் பொண்ணு முன்னாடி படிச்ச தனியார் பள்ளியில இதே மாதிரி கிளாஸ் ரூபாய் நடத்துனாங்க. ஒரு நாள் என் பர்ஸ்ல 20 ரூபாய் காணோம். கேட்டா அழுதா. வசதியான பிள்ளைங்ககிட்ட இருக்கற கிளாஸ் ரூபாயை நிஜ ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கா. அஞ்சு ரூபாய்க்கு பத்து கிளாஸ் ரூபாய்னு ரேட்டே இருந்திருக்கு. அவ வாங்குனது பொம்மைக்கு இல்ல, அபராதம் கட்ட. உங்க கிளாஸ்லயும் அது நடக்குதான்னு கொஞ்சம் பார்த்துக்கங்க.

அந்த வெள்ளிக்கிழமைப் பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்றேன். கடன் வாங்குன வீட்டுல தண்டல்காரர் வர்ற நேரம் தெரியும். அந்த நேரத்துக்கு கதவைச் சாத்திக்கிட்டு, டிவிய அமுத்திட்டு, சத்தம் காட்டாம உட்கார்ந்திருப்போம். நானும் உட்கார்ந்திருக்கேன். சின்னப் பிள்ளைங்களும் நம்மோட சேர்ந்து மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பொண்ணு வீட்டுல பார்த்ததைத்தான் பள்ளிக்கூடத்துலயும் பண்ணுது மிஸ். நீங்க கூப்பிட்டு அனுப்பினா வராது. நீங்களே ஒரு தடவை வீட்டுக்குப் போங்க. நோட்டு எதுவும் கையில எடுத்துட்டுப் போகாதீங்க.


பதில்: கணக்கு வாத்தியார், வியாசர்பாடி

டீச்சர், ஆறாம் வகுப்பில் நான்கு வருடமாக இதை நடத்துகிறேன். இன்றும் நடக்கிறது. அதனால் தலைமையாசிரியர் ஐயா சொன்னதில் பாதியை முழுசாக ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்கு மறுப்புச் சொல்கிறேன்.

உங்கள் மீன்காரம்மா பையன் செய்தது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள், 2000இல் வெளியிட்டார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருவார்கள். ஆறு காப்பகங்களில் மட்டும், 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெகல் அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று ஒரு கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது, கட்டினவருக்குக் கூச்சம் தேவையில்லை. இதைவிட முக்கியம், அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. எனவே அபராதத்தை எடுத்தால் உடனே எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூச்சமும் மரியாதையும் திரும்பி வர நீங்கள் தனியாக உழைக்க வேண்டும். ஆனால் உங்கள் பையன் விஷயத்தில் கூச்சத்துக்கும் வேலை இல்லையே. அவன் தாமதம் அவன் கையில் இல்லை. சமையல் அம்மாவிடம் சொல்லி ஒரு தட்டுக் காலை உணவு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அவனுக்குச் சாயங்காலம் செய்கிற வேலையைக் கொடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

வாடகை பற்றி. முதல் வருடம் நான் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். பாடத்தின் நடுவே ஒரு நாளில் இரண்டாவது தடவை ஒன்றுக்குப் போக 2 காசு என்று வைத்தேன். சும்மா வெளியே போய்ச் சுற்றுவது நின்றது, எனக்குச் சந்தோஷம். ஒரு நாள் ஒரு பையன் காசு இல்லாமல் அடக்கிக்கொண்டே உட்கார்ந்து பெஞ்சிலேயே போய்விட்டான். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அந்த வருடம் முழுக்க அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1960களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் அய்லான், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் நோயாளிகளுக்கு வேலைக்கு டோக்கன் கொடுத்து, டோக்கனுக்கு வசதிகள் கொடுத்தார்கள். 1968இல் அதைப் புத்தகமாக எழுதினார்கள். பள்ளிகளுக்கும் இது பரவியது. 1972இல் அலபாமாவில் ஒரு வழக்கில் நீதிமன்றம், மனநல மருத்துவமனையில் படுக்கையும் சாப்பாடும் போன்றவை நோயாளியின் உரிமை என்று வரையறுத்தது. உரிமையானதை டோக்கனுக்கு விற்க முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான் டீச்சர். பெஞ்ச், தண்ணி, கழிப்பறை, விளையாட்டுப் பீரியட், சாப்பாடு, நம்முடைய சிரித்த முகம், இவை விற்பனைக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை உட்காரும் இடம் அதனுடையது.

இப்போது ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்றால், வேலைக்குச் சம்பளம் என்ற பகுதி மிக நல்ல பகுதி. பின் பெஞ்சில் எதிலும் முதல் வராத பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பதவி, ஒரு பெயர், வெள்ளிக்கிழமை கையில் எண்ணி வாங்கும் சம்பளம். அதை நான் எந்தக் காரணத்துக்கும் விட மாட்டேன். நான் செய்வது இவ்வளவுதான்: வேலை செய்தால் சம்பளம், செய்யவில்லை என்றால் அந்த நாள் சம்பளம் இல்லை, கொடுத்த சம்பளத்தில் ஒருபோதும் கை வைப்பதில்லை. தப்புக்கு அந்தத் தப்போடு ஒட்டிய பரிகாரம். மை கொட்டினால் துடைக்கணும். நண்பனை அடித்தால் அவனிடம் பேசிச் சரிசெய்யணும். சத்தம் போட்டால், நான் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பேன், அவ்வளவே. இதற்கெல்லாம் விலை போடவே கூடாது.

வேலையைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும். துடைப்பம் யார் கையில் போகிறது என்று கவனியுங்கள் டீச்சர், கெஞ்சிக் கேட்கிறேன். 'யார் பெருக்குவீங்க' என்று கேட்டால் எந்தப் பிள்ளைகள் கை தூக்கும், எந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது நம் ஊரில் வாத்தியாராக இருக்கும் யாருக்கும் தெரியும். குலுக்கலில் என் பெயரும் உண்டு. எனக்குத் துடைப்பம் வந்த வாரம் நான் பெருக்கினேன்.

வட்டிக்கடைக்கும், அந்த அம்மா சொன்ன நிஜ ரூபாய் வியாபாரத்துக்கும் ஒரே மருந்துதான் எனக்குப் பலித்தது. காசின் பின்னால் அந்தப் பிள்ளையின் வரிசை எண்ணை எழுதிவிடுவேன். உரியவர் மட்டுமே செலவு செய்யலாம். கடன் கிடையாது, பூஜ்யத்துக்குக் கீழே யாரும் போக மாட்டார்கள். இதில் ஒரு குறை உண்டு. நண்பன் பிறந்தநாளுக்குக் கொடுக்க முடியாமல் தவிப்பார்கள். அதற்காகப் பொதுப்பெட்டி ஒன்று வைத்தேன். யார் வேண்டுமானாலும் அதில் போடலாம், 200 சேர்ந்தால் வகுப்பே ஒரு பீரியட் மைதானத்துக்குப் போகும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுவதில்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குத் தானாகவே பிடித்த காரியத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். நூலகப் புத்தகம் ஒன்று படித்தால் 2 காசு என்று வைத்தேன். அடுத்த வாரமே எல்லாரும் இருப்பதிலேயே மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்தார்கள். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் மழலைப் பிள்ளைகளிடம் இதையே பார்த்தார்கள். படம் வரைய ஆசைப்பட்ட பிள்ளைகளிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் சந்தையில் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விற்கிறீர்கள், அது நல்லது. கதை கேட்டதற்குச் சம்பளம் மட்டும் வேண்டாம்.


பதில்: அஞ்சாம் வகுப்பு மிஸ்

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், இடையில் மழை லீவு வேறு.

ஐயா, நீங்கள் எழுதிய மறுநாள் காலையே பட்டியலைக் கழற்றிவிட்டேன். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே.

அம்மா, வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு. ஒரே அறை, நடுவில் முறத்தில் மல்லி குவித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த நாரைப் போட்டுவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். நான் உட்கார்ந்து அவள் அம்மாவோடு பேசினேன். எனக்குக் கட்டத் தெரியாது என்றேன், அவளே வந்து சொல்லிக்கொடுத்தாள். நான் அரை முழம் கட்டுவதற்குள் அவள் மூன்று முழம் முடித்துவிட்டாள். கிளம்பும்போது வாசலில் வைத்து, இலைப் பாக்கி எதுவும் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை என்று சொன்னேன். "நிஜமா மிஸ்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை வந்தாள். சந்தையில் எதையும் வாங்கவில்லை, பதினைந்தையும் பென்சில் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டாள். ஹோம்வொர்க்கைச் சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்கலாம் என்று வகுப்புக்கே சொல்லிவிட்டேன். முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

வாடகையையும் அபராதத்தையும் எடுத்துவிட்டேன். சார் சொன்னது சரி, முதல் வாரம் சத்தம் ஏறியது. இரண்டு பேர் 'இனிமே ஃபைன் இல்லடா' என்று வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். ஒருவன் திருந்தினான், இன்னொருவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். மீன்காரம்மா பையனுக்குச் சாயங்காலம் ஜன்னல் மூடிப் பூட்டுப் போடும் வேலை. சமையல் அக்கா அவன் தட்டைத் தனியாக மூடி வைக்கிறார். முதல் நாள் அவன் அதைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று என்னையே பார்த்தான்.

பெருக்கும் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பழைய வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் பெருக்கியது மாறி மாறி அதே ஆறு பேர். 'யார் செய்றீங்க' என்று நான்தான் கேட்டிருக்கிறேன். இந்த வாரத்திலிருந்து குலுக்கல், என் பெயரும் சேர்த்து.

ஒன்று மட்டும் எனக்கு முடிவு தெரியவில்லை. தண்டல் பையன். கடன் எல்லாம் ரத்து என்று சொன்னபோது அவன் எழுந்து நின்று, "அது என் இலை மிஸ். நான் செலவு பண்ணாம சேர்த்தது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வட்டியை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்து போன முதலை மட்டும் பள்ளிக் கணக்கிலிருந்து நானே கொடுத்தேன், 54 இலை. அன்று மதியம் கணக்குப் பாடத்தில் அவன் அட்டையைப் போர்டில் வரைந்தேன், பெயர்கள் இல்லாமல். 9 கொடுத்து ஒரு வாரத்தில் 10 வாங்கினால் நூற்றுக்கு எவ்வளவு? 11 ரூபாய்க்கு மேல் என்று அவனே முதலில் சொன்னான். வருடத்துக்கு 52 வாரம் என்று இன்னொரு பெண் எழுந்து சொன்னாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் முகம் மாறியது. அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நான் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டேனோ என்று இருக்கிறது.


பதில்: கணக்கு வாத்தியார், வியாசர்பாடி

முதலை மட்டும் கொடுத்தது சரியான தீர்ப்பு டீச்சர். போர்டில் போட்டதைத்தான் அவனிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். பெயர் எழுதாவிட்டாலும் அது யார் அட்டை என்று 38 பேருக்கும் தெரியும். தனியாகக் கூப்பிட்டு, 'கேட்காமல் செய்தது என் தப்பு' என்று நேரடியாகச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எந்த வாத்தியாரும் கெட்டுப்போனதில்லை. அந்த அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். அவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுகிற பையன். கணக்குப்பிள்ளை வேலைக்கு மட்டும் இந்தத் தடவை குலுக்கல் போடாதீர்கள்.


பதில்: அஞ்சாம் வகுப்பு மிஸ்

நேற்று சொன்னேன் சார். 'பரவால்ல மிஸ்' என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இன்று காலை 38 பேர் வரிசை எண்ணையும் இலைகளின் பின்னால் எழுத உட்கார்ந்திருக்கிறான். பத்தொன்பதாம் எண் வரைக்கும் வந்துவிட்டான். எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.